பாடாத அம்மா, பாடிய மகள்

கர்னாடக இசையில் 'பெண் மும்மூர்த்திகள்' என்று கொண்டாடப்படும் மூவரில் ஒருவர் டி.கே.பட்டம்மாள். 90 ஆண்டு வாழ்ந்து, தம்பி, மருமகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று ஒரு குடும்பத்தையே பாட வைத்துவிட்டுப் போனவர். அந்தக் குடும்பத்தின் கதையை அவருடைய அம்மாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ராஜம்மாளுக்கு நல்ல குரல். பாட்டும் நன்றாக வரும். காந்திமதி என்றும் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால், அவருடைய பாட்டை ஊர் கேட்டதில்லை. கச்சேரி மேடையை விடுங்கள். உறவுக்காரர்கள், தெரிந்தவர்கள் முன்னால் வாயைத் திறந்து பாடக்கூட அவருக்கு அனுமதி கிடையாது. ஆசாரமான பிராமணக் குடும்பம். குடும்பப் பெண்ணின் பாட்டு வாசற்படி தாண்டக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. அதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த ராஜம்மாளுக்கு 1919 மார்ச் மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அலமேலு என்று பெயர் வைத்தார்கள். 'பட்டா' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். பட்டா பிறகு பட்டம்மாள் ஆனார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தாமல் என்ற சொந்த ஊரின் பெயரும், அப்பா கிருஷ்ணசாமி தீட்சிதரின் பெயரும் சேர்ந்து டி.கே.பட்டம்மாள் ஆனது.

அம்மாவின் பாட்டு வீட்டுக்குள் நின்றது. மகளின் பாட்டை நாடே கேட்டது. ஒரே வீட்டில், ஒரே தலைமுறை இடைவெளியில் இது எப்படி நடந்தது?

கேட்டதை எழுதி வைத்த சிறுமி

அப்பா கிருஷ்ணசாமி தீட்சிதருக்கு இசையில் ஈடுபாடு அதிகம். மகளுக்குச் சின்ன வயதிலேயே சுலோகங்களும் பக்திப் பாடல்களும் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான் ஆரம்பம். அந்தக் காலத்தில் பாட்டுக் கற்றுக்கொள்வது என்றால் குருவின் வீட்டில் தங்கி, அவருக்குப் பணிவிடை செய்து, வருடக் கணக்கில் காத்திருந்து கற்பது. குருகுலவாசம் என்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கு அது சரி. பெண் குழந்தையை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது? பட்டம்மாளுக்குக் குருகுலவாசம் வாய்க்கவே இல்லை.

அதற்குப் பதிலாக அந்தச் சிறுமி ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் நடக்கும் கச்சேரிகளுக்குப் போய் உட்கார்ந்து முழுவதும் கேட்பார். வீட்டுக்கு வந்ததும், கேட்ட கீர்த்தனையையும், ராகத்தில் மனதைத் தொட்ட பிடிகளையும் ஸ்வரப்படுத்தி எழுதி வைத்துக்கொள்வார். ரங்கநாதன், நாகராஜன், ஜெயராமன் என்று உடன்பிறந்த பையன்கள் உண்டு. எழுதுவதில் அவர்களும் கைகொடுத்தார்கள்.

டேப் ரெக்கார்டர் இல்லாத காலம். ஒருமுறை காதில் விழுந்ததை அன்றைக்கே பிடித்து வைக்காவிட்டால், மறுபடி எந்தக் கோயில் உற்சவத்தில், எந்தப் பாகவதர் பாடும்போது கேட்கக் கிடைக்குமோ தெரியாது. பின்னாளில் அவர் பாடிய கீர்த்தனைகளில் சொல்லும் ஸ்வரமும் சுத்தமாக இருந்ததற்கு, கவனமாகக் கேட்கும் இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்து மேடை

அப்போது பெண்கள் யாரும் மேடையில் பாடவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பாடினார்கள், அதுவும் பிரமாதமாகப் பாடினார்கள். ஆனால், அவர்கள் பெரும்பாலும் இசையும் நடனமும் பரம்பரையாக வந்த, தேவதாசி மரபைச் சேர்ந்த குடும்பத்துப் பெண்கள்.

அந்தக் குடும்பங்களில் கலை பெண் வழியாகவே இறங்கி வந்தது. 1867-ல் பிறந்த வீணை தனம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அவர் வீணை வாசிப்பதைக் கேட்கப் பெரிய வித்வான்களே அவர் வீட்டுக்குப் போவார்களாம். அவருடைய பேத்திகள்தான் பாட்டில் பெயர் பெற்ற பிருந்தாவும் முக்தாவும். பரதநாட்டியத்தில் உலகப் புகழ் பெற்ற பாலசரஸ்வதியும் அவர் பேத்திதான். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். எம்.எல்.வசந்தகுமாரியின் அம்மா லலிதாங்கி பாடகி. அம்மா பாடுவார், மகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வார். அங்கே அது இயல்பு.

இந்தப் பெண்களின் கலையைச் சமூகம் ரசித்தது. அவர்களை மட்டும் ஒதுக்கி வைத்தது. அதனால்தான் 'நல்ல குடும்பத்துப் பெண் மேடையில் உட்காரலாமா' என்ற கேள்வியே எழுந்தது. மேடை ஏறிய பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயம் பெற்றவர்களுக்கு இருந்தது.

பெண் மும்மூர்த்திகள் மூவரில் மற்ற இருவருக்கும் அம்மாவே கலைஞர். பட்டம்மாளின் அம்மாவுக்கும் பாட்டு இருந்தது, பாடத்தான் வழியில்லை. மகளுக்கு முன்னால் நடந்து காட்ட வீட்டில் ஒரு பெண் இல்லை. முதலில் நடந்தவர் மகள்தான்.

சென்னை மாநகராட்சி 1930-ல் சொந்தமாக ஒரு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. இன்றைய அகில இந்திய வானொலி சென்னைக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. அந்த மாநகராட்சி வானொலியில் சிறுமியாக இருந்தபோதே பட்டம்மாள் பாடினார். 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. அப்போது வயது 13. அடுத்த ஆண்டு சென்னைக்கே வந்துவிட்டார். ஆசாரமான பிராமணக் குடும்பத்திலிருந்து பொது மேடைக்கு வந்து பாடிய முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டம்மாள் ஏறிய அந்த மேடையைப் பெண்களுக்காக முதலில் பிடித்து வைத்திருந்தவர்கள் தனம்மாளைப் போன்றவர்கள்தான். பிற்காலத்தில் மற்ற வீட்டுப் பெண்கள் நிறைய பேர் மேடைக்கு வந்தபோது, அந்தப் பரம்பரைப் பெண்களில் பலர் மேடையை விட்டே போனார்கள். ஒருவருக்குக் கதவு திறந்த அதே காலத்தில் இன்னொருவருக்கு மூடியது. பட்டம்மாளின் துணிச்சலைப் பேசும்போது இதையும் மறக்காமல் இருப்பதே நியாயம்.

'பல்லவி' பட்டம்மாள்

மேடை ஏறியதோடு அவர் நிற்கவில்லை. ஆண்கள் மட்டுமே செய்யலாம் என்று வைத்திருந்த ஒன்றில் கை வைத்தார். அதுதான் ராகம் தானம் பல்லவி.

கச்சேரி கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். முதலில் சொற்கள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது ஆலாபனை. அடுத்து, தாளக்கட்டு இல்லாமலேயே ஒரு துள்ளலோடு பாடுவது தானம். கடைசியாகப் பல்லவி. ஒரே ஒரு வரிதான். அதைத் தாளத்தில் பொருத்தி, கை போடும் தாளம் மாறாமல், பாட்டை மட்டும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகமாக்கிப் பாட வேண்டும். எங்கே போனாலும் அந்த வரி தொடங்கும் இடத்துக்குக் கணக்குப் பிசகாமல் வந்து சேர வேண்டும். ஒரு அட்சரம் தவறினாலும் சபை முழுக்கத் தெரிந்துவிடும். குரலோடு கணக்கும் ஓட வேண்டிய வேலை. பெண்களுக்கு இது வராது என்று வித்வான்கள் முடிவே கட்டியிருந்தார்கள்.

காஞ்சிபுரத்தில் இந்த லயக் கணக்கில் சிங்கமாக இருந்தவர் நாயனாப் பிள்ளை. வயலின், மிருதங்கம் மட்டுமில்லாமல் கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளத்தையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாடுவார். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்று அதற்குப் பெயர். சிறுமி பட்டம்மாள் அவருடைய கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். அவர் நடத்திய போட்டியில் தியாகராஜர் கீர்த்தனை பாடிப் பரிசும் வாங்கினார். இந்த நாயனாப் பிள்ளையே பெண்கள் வளர்த்த சங்கீத வீட்டிலிருந்து வந்தவர். அந்தக் காலத்தில் பெயர் பெற்ற பாடகி காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் அவருக்குச் சித்தி, பெரியம்மா முறை.

பின்னால் வித்யாலா நரசிம்மலு நாயுடுவிடம் பல்லவிகளைக் கற்றுக்கொண்டு, மேடையில் துணிந்து பாடினார் பட்டம்மாள். சிக்கலான தாளங்களை எடுத்துக்கொண்டார். பெரிய கை அசைவு, முக அசைவு எதுவும் இருக்காது. இரண்டு மூக்கிலும் வைர மூக்குத்தி, நெற்றியில் பெரிய குங்குமம், பட்டுப் புடவை. அசையாமல் உட்கார்ந்தபடி கணக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். 'பல்லவி பட்டம்மாள்' என்று ரசிகர்களே பெயர் வைத்தார்கள். 'கான சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தவர் டைகர் வரதாச்சாரியார்.

குருகுலவாசம் கிடைக்காத பெண்ணுக்குப் பிறகு அமைந்த ஆசிரியர்களைப் பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதர், டி.எல்.வெங்கடராம ஐயர் இருவரிடமும் தீட்சிதர் கீர்த்தனைகளைப் பாடம் செய்தார். வெங்கடராம ஐயர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். தமிழ்ப் பாடல்களுக்குப் பாபநாசம் சிவன், அவரே நேரில் சொல்லிக் கொடுத்தார். தீட்சிதர் கீர்த்தனை என்றால் பட்டம்மாள் பாடம்தான் சுத்தமான பாடம் என்று இன்றைக்கும் மாணவர்கள் அந்தப் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கிறார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு

பாடத் தெரிந்த எத்தனையோ பெண்களின் கதை கல்யாணத்தோடு முடிந்துவிடும். 'கல்யாணத்துக்கு முன்னாடி நன்னா பாடுவா' என்ற ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பெண்களின் வருடங்கள் அடங்கிக் கிடக்கின்றன.

பட்டம்மாளுக்கு 1939-ல், 20 வயதில் கல்யாணம் நடந்தது. கணவர் ஈஸ்வரன். பாட்டு நிற்கவில்லை. கச்சேரி, குடும்பம், பிள்ளைகள் என்று எல்லாமே சேர்ந்து நடந்தன. மேடைக்கு வந்ததே பெரிய விஷயம் என்றால், கல்யாணத்துக்குப் பிறகும் மேடையிலேயே இருந்தது அதைவிடப் பெரிய விஷயம். ஒரு பெண் பாட, அவர் மட்டும் மனது வைத்தால் போதாது. புகுந்த வீடும் மனது வைக்க வேண்டும்.

அதே 1939-ல் சினிமாவும் வந்தது. கல்கியின் கதையை கே.சுப்பிரமணியம் 'தியாகபூமி' என்ற பெயரில் படமாக எடுத்தார். தேச சேவைக்கு அழைக்கும் பாடலைப் பட்டம்மாள் அதில் பாடினார். சுதந்திரப் போராட்டத்துக்கு ஆதரவாக இருந்ததால் ஆங்கிலேய அரசு பிறகு அந்தப் படத்தையே தடை செய்தது. சினிமாவில் காதல் பாட்டுகள் பாட அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார். தேசபக்திப் பாடல், தெய்வபக்திப் பாடல் இரண்டு மட்டுமே பாடுவது என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தார்.

எல்லாக் கட்டுப்பாடுகளையும் உடைத்துப் போட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சிலவற்றைத் தாண்டினார். சிலவற்றைத் தானே விரும்பி வைத்துக்கொண்டார். நம் வீட்டுப் பாட்டிகளில் பலரும் இப்படித்தான். மகளைப் பிடிவாதமாகப் படிக்க வைத்திருப்பார்கள். ஆனால், சமையலறையில் மடி ஆசாரத்தைத் துளிகூட விட்டுக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சுதந்திரம் வருவதற்கு முன்பே

1947 ஜனவரியில் ஏவி.எம்-மின் 'நாம் இருவர்' வந்தது. அதில் பாரதியாரின் பாடல்களைப் பட்டம்மாள் பாட, சிறுமி கமலா ஆடினார். அதில் ஒன்று 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'. சுதந்திரம் கிடைத்தே விட்டது என்று பள்ளர்கள் பாடி ஆடுவதாகப் பாரதியார் எழுதிய பாட்டு. எழுதியவர் 1921-லேயே போய்விட்டார். படம் வந்தபோதும் சுதந்திரம் வந்திருக்கவில்லை. இன்னும் ஏழு மாதம் இருந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பாட்டைக் கேட்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 15 வந்தது. அந்தச் சுதந்திரத் திருநாளில் சென்னை வானொலியில் பாரதியாரின் பாட்டைப் பாடும் வாய்ப்பு பட்டம்மாளுக்குக் கிடைத்தது. அவருக்கு அப்போது 28 வயது. உறவுக்காரர்கள் முன்னால்கூடப் பாடக் கூடாது என்றிருந்த ராஜம்மாளின் மகள், விடுதலை அடைந்த நாட்டின் முதல் நாளில் எல்லோர் வீட்டு வானொலியிலும் பாடிக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு அக்காவே குரு

வெளியில் பெயர் வாங்கிய பட்டம்மாள் வீட்டில் என்ன செய்தார்? கற்றுக் கொடுத்தார்.

முதல் சீடர் தம்பி ஜெயராமன். அக்காவைவிட ஒன்பது வயது சிறியவர். சின்ன வயதில் அக்கா ஸ்வரம் எழுதும்போது பக்கத்தில் இருந்த பையன், பிறகு அக்காவிடமே பாட்டுக் கற்று, மேடையில் அக்காவுக்குப் பின்பாட்டுப் பாடினார். பல ஆண்டுகள் அப்படிப் பாடிய பிறகு டி.கே.ஜெயராமனாகத் தனிக் கச்சேரிக்கு வந்தார். தீட்சிதர் கீர்த்தனைகளும் பாபநாசம் சிவன் பாடல்களும் அவர் வழியாக இன்னும் பலருக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றைய முன்னணிப் பாடகர் விஜய் சிவா அவருடைய மாணவர்.

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெண்களில் முதலில் வாங்கியவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி, 1968-ல். இரண்டாவது பட்டம்மாள், 1970-ல். இருபது ஆண்டு கழித்து, 1990-ல் அதே விருது தம்பி ஜெயராமனுக்குக் கிடைத்தது. அக்காவும் தம்பியும் சங்கீத கலாநிதிகள். அதுவும் அக்காவிடம் கற்ற தம்பி.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. 1991 ஜனவரியில் ஜெயராமன் காலமானார். அவருக்கு வயது 62. தான் கைப்பிடித்துச் சொல்லிக் கொடுத்த தம்பியை வழியனுப்பிவிட்டு அக்கா இன்னும் 18 ஆண்டுகள் வாழ்ந்தார். நீண்ட ஆயுள் என்று வாழ்த்துகிறோம். கூடவே வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த ஆயுளுக்குள்தான் இருக்கிறது. எம்.எல்.வசந்தகுமாரி 1990-ல் போனார். எம்.எஸ். 2004-ல் போனார். மூவரில் கடைசியாக மிஞ்சியவர் பட்டம்மாள்.

மருமகளும் பேத்தியும்

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், பெண்களின் கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்தவர். பட்டம்மாளுக்காக அந்த வழக்கத்தைத் தளர்த்திக்கொண்டார். பட்டம்மாளின் லயத்துக்கு அதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை. இருவரும் சம்பந்திகளும் ஆனார்கள். மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மகன் சிவகுமாருக்கு மனைவியானார். சிவகுமாரும் மிருதங்கக் கலைஞர்.

லலிதா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார், மாணவியாகவும் ஆனார். மாமியாரிடம் பாட்டுக் கற்று, மேடையில் மாமியாருக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினார். பாட்டுகளும் இயற்றுகிறார், பலருக்குக் கற்றும் கொடுக்கிறார். மாமியார், மருமகள் என்றால் சீரியலில் காட்டும் சண்டைதான் பலருக்கு ஞாபகம் வரும். ஒரே தம்பூராவின் சுருதியில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து பாடிய வீடு இது.

லலிதா - சிவகுமார் தம்பதியின் மகள்தான் நித்யஸ்ரீ மகாதேவன். அப்பா வழிப் பாட்டி டி.கே.பட்டம்மாள், அம்மா வழித் தாத்தா பாலக்காடு மணி ஐயர். பாட்டியிடமும் அம்மாவிடமும் கற்றுக்கொண்ட நித்யஸ்ரீ, 1987-ல் தன் 14-வது வயதை எட்டும் நேரத்தில் முதல் கச்சேரி செய்தார். பட்டம்மாள் மேடையேறியதும் கிட்டத்தட்ட அதே வயதில்தான். 55 ஆண்டுகளுக்கு முன்பு பாட்டியைச் சுற்றி எழுந்த 'யார் கட்டிக்கொள்வார்கள்' என்ற கேள்வியைப் பேத்தியிடம் யாரும் கேட்கவில்லை.

1998-ல் 'ஜீன்ஸ்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'கண்ணோடு காண்பதெல்லாம்' பாடி, கச்சேரிப் பக்கமே போகாதவர்கள் வீட்டிலும் நித்யஸ்ரீ பிரபலமானார். பாட்டி பாட மறுத்த காதல் பாட்டைப் பேத்தி பாடினார். காலம் நகர்ந்திருந்தது. பட்டம்மாளின் கொள்ளுப்பேத்திகளும் இப்போது மேடையில் பாடுகிறார்கள்.

80 வயதில் ஒரு சினிமாப் பாட்டு

பட்டம்மாளுக்கு விருதுகள் வந்துகொண்டே இருந்தன. 1971-ல் பத்ம பூஷண், 1998-ல் பத்ம விபூஷண். அதற்குப் பிறகும் அவர் ஒரு காரியம் செய்தார். 2000-ல் வந்த கமல்ஹாசனின் 'ஹே ராம்' படத்தில், இளையராஜா இசையில், காந்திஜிக்குப் பிரியமான 'வைஷ்ணவ ஜனதோ' பாடலைப் பாடினார். வயது 80-ஐத் தாண்டியிருந்தது.

1939-ல் முதல் சினிமாப் பாட்டு சுதந்திரப் போராட்டத்துக்காக. 61 ஆண்டு கழித்துப் பாடியது அந்தப் போராட்டத்தை நடத்தியவரின் கதையில். குரலில் வயது தெரிகிறது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை. வீட்டுக் கூடத்தில் ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு பாடுவதைப்போல இருக்கிறது. அதனால்தான் அந்த இடத்துக்கு அது அவ்வளவு பொருத்தமாகவும் இருக்கிறது.

2009 ஜூலை 16 அன்று சென்னையில் பட்டம்மாள் காலமானார். வயது 90.

உங்கள் வீட்டு ராஜம்மாள்

பட்டம்மாளின் ஒலிப்பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. செல்போனில் பெயரை அடித்தால் போதும், 1940-களின் கிராமபோன் இசைத்தட்டு முதல் 'ஹே ராம்' வரை வரிசையாக வரும். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது ராஜம்மாள்களைப் பற்றித்தான். மேடை ஏறாத, இசைத்தட்டு வராத, ஆனால் நன்றாகப் பாடிய பாட்டிகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். தாலாட்டு, நலங்கு, ஊஞ்சல் பாட்டு, கும்மி, நடவுப் பாட்டு, ஒப்பாரி, மார்கழி விடியலில் முணுமுணுக்கும் பாசுரம், மாதா கோயில் பாட்டு, பள்ளிவாசல் தெருவில் பெண்கள் கூடிப் பாடும் பைத்து என்று அவர்களிடம் இருப்பது ஒரு தனிச் சொத்து. அதில் நிறைய எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவர்களோடு அதுவும் போய்விடும்.

சிறுமி பட்டம்மாள் கேட்டதை நோட்டில் எழுதினார். இன்றைக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. பேரனின் செல்போன் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிக்ஸியும் டிவியும் ஓடாத நேரமாகப் பார்த்துப் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். 'பாடு பாட்டி' என்று கேட்டால் 'எனக்கென்னடா தெரியும்' என்பார்கள். பாட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 'அம்மா குழந்தையா இருந்தப்ப எப்படித் தூங்க வெச்சீங்க?' என்று கேளுங்கள். 'உங்க கல்யாணத்துல யார் பாடினாங்க?' என்று கேளுங்கள். பேச்சு போகிற போக்கில் பாட்டு தானாக வரும். நடுவில் மறந்துபோன வரியை எடுத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பாட்டியோ சித்தியோ இருந்தால் இன்னும் நல்லது.

பதிவு செய்து முடித்ததும் மூன்று விவரங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பாடியவர் பெயர், பதிவு செய்த தேதி, அந்தப் பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பது. இந்த மூன்றாவது விவரம்தான் முக்கியம். 'எங்கம்மா பாடுவா, கேட்டு வந்தது' என்று பெரும்பாலான பாட்டிகள் சொல்வார்கள். அந்த அம்மாவின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் அந்தப் பெயர் தெரிந்த கடைசி ஆள் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.